அழுத்திப் பிடிங்க

காட்பாடி சார்பதிவாளர் அலுவலகம்.
நிலத்தை விற்கிறவருக்குக் கையெழுத்து வராது.
சேர்க்காட்டுப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர்,
பெயர் சின்னகண்ணு.
கட்டைவிரலை மையில் உருட்டி
தாளில் பதித்து எடுத்ததும்
துடைக்க வைத்திருந்த துணியை விரல்மேல் வைத்து
"ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க" என்றேன்.

எழுத்தர் சிரித்தார். சாட்சிகள் சிரித்தார்கள்.
முனிரத்தினம் சார், என் முதலாளி,
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
சின்னகண்ணு மட்டும்
சொன்னபடி அழுத்திக்கொண்டு
சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.
"இப்ப எடுக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டார்.

பதினோரு வருடம் ரத்தம் எடுத்தவள் நான்.
பெரிய ஆஸ்பத்திரி, தரைத்தளம், நாலாம் கவுண்டர்.
காலை ஆறரைக்கு முன்பே
கொல்கத்தா ரயிலில் வந்திறங்கிய வரிசை
டோக்கனோடு நிற்கும்.
எனக்குத் தெரிந்த வங்காளம் இவ்வளவே:
'முட்டோ கொருன்', கையை மூடுங்கள்.
'ஹோயே கேச்சே', முடிந்தது.
இரண்டுக்கும் நடுவே
ஒருவரின் முழங்கை மடிப்பில்
இரண்டு விரல் வைத்துக் கண்ணை மூடுவேன்.
நல்ல நரம்பு கண்ணுக்குத் தெரியாது.
விரலுக்குத் துள்ளும்.

அந்த வேலையைப் புகழவில்லை.
கால் நரம்பு சுருண்டது அங்கேதான்.
ஒரு நாளைக்கு நூற்றுமுப்பது குழாய்.
எஸ்தர் குணசீலி கத்தாருக்குப் போனாள்.
அவள் நாற்காலி காலியான வாரம்
நானும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது விசிட்டிங் கார்டில்
வி. அஞ்சுகம், மண்டல மேலாளர்.
மண்டலம் என்பது
ஒரு வேன், ஒரு பெரிய குடை,
ஞாயிற்றுக்கிழமை,
பன்னிரண்டு பொட்டலம் ஆம்பூர் பிரியாணி.
முதல் கமிஷனில் ஸ்கூட்டி வந்தது.
மூன்றாவதில் அடகு நகை திரும்பியது.
தோற்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
தோற்கவில்லை, நன்றாகவே விற்கிறேன்.
அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு நாள்.

அங்கே யாரிடமும் வலிக்காது என்று சொன்னதில்லை.
"சின்னதா குத்தும்" என்பேன்.
குத்தும். அவ்வளவுதான்.
இங்கே
"ரிங் ரோடு ரெண்டு வருஷத்துல வந்துடும்" என்கிறேன்.
எந்த இரண்டு வருஷம் என்று யாரும் கேட்பதில்லை.
"தண்ணி எண்பது அடியில" என்கிறேன்,
பாலாற்று மணலில் ஆடு மேய்வதைப் பார்த்தபடி.

கையெழுத்துப் போடுகிறவர்களின்
பேனாவை நான் பார்ப்பதில்லை.
மணிக்கட்டுக்கு மேலே பார்க்கிறேன்.
இவருக்கு இடது கைதான் சுலபம்.
இந்தம்மாவுக்குப் பட்டாம்பூச்சி ஊசி வேண்டும்.
களைப்பு என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டேன்.
எந்தப் புது வேலையும் புதுச் செருப்புதான்,
கொஞ்ச நாள் கடிக்கும் என்று.
செருப்பென்றால் குதிகாலில் தெரியும்.
இது விரலில் தெரிகிறது.

போன ஞாயிறு
பேரணாம்பட்டு வாஜித் பாய் வந்தார்.
தோல் ஷெட்டில் கணக்கெழுதுகிறவர்,
மகள் பேரில் ஒரு மனை.
வரைபடத்தை நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு
"தண்ணி எத்தன அடிம்மா?" என்றார்.
எண்பது வாயில் தயாராக இருந்தது.
வெயிலுக்குச் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார்.
முழங்கை மடிப்பு தெரிந்தது.
"அறுநூறு.
அதுவும் எல்லா மனையிலயும் கிடைக்காது பாய்."
காட்டா கல்லா என்று தெரியாத அந்த இடத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிரியாணி வேண்டாமென்று
வேனில் போய் உட்கார்ந்தார்.

முனிரத்தினம் சார் நாலு முறை கூப்பிட்டிருக்கிறார்.
ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில்
பெயர், தகுதி, அனுபவம் வரை நிரப்பிவிட்டேன்.
வயது வரம்பு முப்பத்தைந்து.
எனக்கு ஆவணியில் முப்பத்தாறு முடிகிறது.
'இடைவெளிக்கான காரணம்' என்றொரு கட்டம்,
சரியாக இரண்டு விரல் அகலம்.
வைத்துப் பார்க்கிறேன்.